நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா?

போன மாதம் விக்னேஷ் போன் செய்தான். திருமுடிவாக்கத்தில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த கியர் பட்டறையில் இப்போது அவன்தான் சூப்பர்வைசர். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மெஷினில் சந்தேகம் வந்தால் கூப்பிடுவான். இந்த முறை மெஷினில் சந்தேகம் இல்லை.

"அண்ணா, ரோஸி அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"இன்னாடா ஆச்சு?"

"புது மெஷின் வந்துடுச்சுண்ணா. எத்தனை பல்லு வேணுமோ ஸ்கிரீன்ல அடிச்சா போதும், அதுவே வெட்டிடுது. ஆனா இந்த அக்கா வெட்டி வர்ற ஒவ்வொரு கியரையும் மடியில வெச்சிகினு, சாக்பீஸால கோடு போட்டு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகினு கீறாங்க. லோடு ஏத்த வண்டி வந்து நிக்குது. கம்ப்யூட்டர் தப்பா எண்ணுமான்னு கேட்டா, 'நான் கம்ப்யூட்டர சொல்லலப்பா'ன்றாங்க. வேற யாரைச் சொல்றாங்கன்னு புரியல. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொன்னால் கேட்பார் என்று அவனுக்கு எப்படித் தோன்றியதோ. அந்தப் பட்டறையில் என் வாயிலிருந்து வரும் எண்ணை நம்பாத ஒரே ஆள் ரோஸிதான். "பார்க்கலாம்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதே வாரம் தொழிற்பேட்டை மலருக்குப் பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். விக்னேஷுக்கான பதிலை இதிலேயே எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "சரிண்ணா, சரிண்ணா" என்று அவசரப்படுவான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வகுத்தி, மடங்கு, பகா எண் என்று பள்ளியில் சொன்னதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பட்டறையில் முதலில் தரை கூட்டினேன், பிறகு டிரில்லிங், நாலாம் வருடம் மில்லிங் மெஷின். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் பல் வெட்ட வந்த பிறகு அந்த எட்டாம் வகுப்புக் கணக்கு திரும்பி வந்து என் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. உட்கார வைத்தவர் ஃபோர்மேன் ஞானமுத்து சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் இரண்டு பென்சில், இரண்டும் ஒரே நீளம். ஒன்று தேய்ந்தால் இன்னொன்றையும் சீவி சமமாக்கிவிடுவார். கத்த மாட்டார், திட்ட மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: "அப்படியா?" நாம் ஒன்றைச் சொல்வோம். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "அப்படியா?" என்பார். சொன்னது சரியாக இருந்தாலும் நமக்கே சந்தேகம் வந்துவிடும். வாசலில் டீக்கடை வைத்திருந்த அக்கா ஒருமுறை சொன்னார், "உங்க சாரு டீ குடிக்கறதப் பாத்தா, நான் அதுல இன்னாவோ கலந்துட்டு மறைக்கிறா மாரி கீது."

எண்களையும் அவர் ஆட்களைப் போலவே சந்தேகப்பட்டார். டீ நேரத்தில் திடீரென்று கேட்பார்.

"தணிகா, அம்பத்தொண்ணு?"

"உடையாது சார். ப்ரைம்."

"அப்படியா?"

அந்த "அப்படியா" வந்ததும் டீ ஆறும். மூன்றால் வகுத்துப் பார்ப்பேன். மூன்று பதினேழு ஐம்பத்தொன்று.

"பாத்தா சாது. உள்ள ரெண்டு பேர் ஒளிஞ்சிகினு இருக்கானுங்க" என்பார். ஐம்பத்தேழு அப்படித்தான், மூன்று பத்தொன்பது. தொண்ணூற்றொன்றுதான் அவருக்குப் பெரிய வில்லன். இரண்டால் போகாது, மூன்றால் போகாது, ஐந்தால் போகாது, நல்ல பிள்ளை போல நிற்கும். ஏழால் தட்டினால்தான் பதின்மூன்று வெளியே வரும். இந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பஸ் நம்பர், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகையில் கதவு எண் என்று எதைப் பார்த்தாலும் உடைத்துப் பார்ப்பேன். நான் அங்கே வேலை பார்த்த வருடம் முப்பத்தொன்று என்றேனே, அது உடையாது. ஏழு வரை போகவே வேண்டாம், ஐந்திலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் டீ நேர விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். எங்கள் வேலையே அதில்தான் இருந்தது.

மில்லிங் மெஷினில் வட்டத் துண்டைச் சமமாகத் திருப்பிப் பல் வெட்ட டிவைடிங் ஹெட் என்று ஒன்று உண்டு. அதன் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் துண்டு ஒரு சுற்று சுற்றும். இருபது பல் வேண்டுமென்றால் பல்லுக்கு இரண்டு சுற்று. சுலபம். நாற்பத்தேழு பல் என்றால்? ஒரு சுற்றில் நாற்பத்தேழில் நாற்பது பங்கு. அந்தப் பங்கைக் கண்ணால் பிரிக்க முடியாது. அதற்காகத் துளை போட்ட இரும்புத் தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டிலும் ஆறு வட்டம், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கணக்கில் துளைகள். நாற்பத்தேழு துளை உள்ள வட்டத்தில் நாற்பது துளை தள்ளிக் கைப்பிடியின் ஊசியைக் குத்தினால் ஒரு பல் நகரும். நாற்பத்தெட்டு போன்ற எண்ணுக்குப் பல வட்டங்கள் உதவும், ஏனென்றால் அது உடையும். நாற்பத்தேழு உடையாது. அதற்கு அதன் சொந்த வட்டம் வேண்டும், வேறு எதுவும் ஆகாது. எங்களிடம் இருந்த மூன்று தட்டில் மூன்றாவதில் மட்டும் அது இருந்தது. தட்டுகளைச் சார் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். வாங்கும்போது எந்த வட்டம் என்று சொல்லி வாங்க வேண்டும்.

அவருடைய இரண்டாவது சட்டம் கரும்பலகை. ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும் இரண்டு சக்கரத்துக்கு ஆர்டர் வந்தால், சின்னதின் பல் எண்ணையும் பெரியதின் பல் எண்ணையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் அதற்குக் கீழே உடைத்து எழுதச் சொல்வார். "ரெண்டு பேருக்கும் நடுவுல சொந்தம் இருக்கா பாரு." இரண்டுக்கும் பொதுவான ஒரு வகுத்தி இருந்தால் வரைபடம் வாடிக்கையாளருக்கே திரும்பிப் போகும், ஓரத்தில் "ஏன்?" என்று பென்சிலில் எழுதி.

காரணம் இதுதான். இருபது பல்லும் நாற்பது பல்லும் சேர்ந்து ஓடினால், சின்னதின் ஒரு பல் ஆயுள் முழுக்கப் பெரியதின் அதே இரண்டு பல்லைத்தான் சந்திக்கும். அந்த ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த இரண்டின் மேலேயே திரும்பத் திரும்ப இடிக்கும். பத்தொன்பதும் நாற்பத்தேழும் என்றால் சொந்தமே இல்லை. ஒவ்வொரு பல்லும் நாற்பத்தேழு பல்லையும் முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் பல்லுக்குத் திரும்பும். சார் அதை "ஊர் சுத்தற பல்" என்பார். "ஒரே மூஞ்சிய தினம் பாத்தா சண்டைதான். நாப்பத்தேழு மூஞ்சிய பாத்தா எவன் மேலயும் கோபம் நிக்காது."

மூன்றாவது சட்டம் எண்ணுவது. வெட்டி முடித்த சக்கரத்தில் ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். ஒருவர் வலப்பக்கமாக எண்ணுவார், இன்னொருவர் இடப்பக்கமாக. வாய்விட்டு எண்ணக் கூடாது. விடையைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். வித்தியாசம் வந்தால் யாரும் வாதாடக் கூடாது. பக்கம் மாற்றிக்கொண்டு எல்லோர் முன்னாலும் சத்தமாக எண்ண வேண்டும். பல் எண்ணுவதில் பெரும்பாலும் வருவது ஒரே தப்புதான். கோடு போட்ட பல்லை ஆரம்பத்திலும் எண்ணி, முடிவிலும் எண்ணிவிடுவோம். ஒன்று கூடிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அன்று இதை ஞாபகம் வைத்திருந்தேன். என் கெட்ட நேரம் அங்கேதான் ஆரம்பித்தது.

கீழ்க்கட்டளையில் ஒரு பேக்கரிக்காரர் ரொட்டி நகர்த்தும் கன்வேயருக்குக் கியர் பாக்ஸ் செய்யச் சொல்லியிருந்தார். பத்தொன்பதும் நாற்பத்தேழும். பலகையில் சாரே எழுதிவிட்டுப் போனார். கண் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் லீவு. அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சந்தேகமே உருவான மனிதர் என்னிடம் சாவி கொடுத்தார் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்றாவது தட்டை எடுத்துப் பார்த்தால், நாற்பத்தேழு வட்டத்தில் இரண்டு துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டிருந்தது. ஊசி ஆடியது. புதுத் தட்டு வாங்க வேண்டும், அல்லது அந்த இரண்டு துளை வரும்போது ஊசியை ஆடாமல் பிடித்து நிதானமாக வெட்ட வேண்டும். நான் உட்கார்ந்து யோசித்தேன். பத்தொன்பதில் ஒன்று குறைத்து நாற்பத்தேழில் ஒன்று கூட்டினால் பதினெட்டு, நாற்பத்தெட்டு. கூட்டுத்தொகை அதே அறுபத்தாறு. அதனால் பெட்டியின் அளவு மாறாது. அதைவிடப் பெரிய சௌகரியம், இரண்டையும் முதல் தட்டின் பதினெட்டுத் துளை வட்டத்திலேயே வெட்டிவிடலாம். சின்னதுக்கு இரண்டு சுற்றும் நாலு துளையும், பெரியதுக்குப் பதினைந்து துளை. தட்டு மாற்ற வேண்டாம், ஊசியை வேறு வட்டத்துக்கு நகர்த்தக்கூட வேண்டாம். எனக்கே என் தலையைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

முதலாளியிடம் போனேன். திருமுடிவாக்கம் வயலாக இருந்தபோது அங்கே உழுத குடும்பம் அவருடையது. எண்களில் தலையிட மாட்டார்.

"சார், பல்லுல ஒண்ணு ரெண்டு முன்னபின்ன மாத்திக்கறேன். பாக்ஸ் மாறாது. ரொட்டி கொஞ்சம் மெதுவா போகும்."

"ரொட்டிக்கு என்ன அவசரம்? செய்யுங்க" என்றார் அவர். எந்த எண் எதுவாக மாறுகிறது என்று கேட்கவில்லை.

பதினெட்டுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் ஆறு என்ற சொந்தம் இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ரொட்டி நகர்த்துகிற சக்கரம்தானே, என்ன பெரிய பாரம் என்று தள்ளிவிட்டேன். பலகையில் சார் எழுதியதை மாற்றவும் இல்லை. அவர் திரும்பி வந்தபோது வேலை முடிந்து பெட்டிகள் போய்விட்டன. "பேக்கரி ஆச்சா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன். "அப்படியா?" என்றார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

நாலு மாதத்தில் மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன. ஓடும்போது "டொக், டொக்" என்று தட்டுகிறதாம். பிரித்துப் பார்த்தோம். மூன்று பெட்டியிலும் பெரிய சக்கரத்தில் எட்டு பல்லில் அடி விழுந்தது போல வடு. வரிசையாக இல்லை. ஒரு வடு, ஐந்து பல் சுத்தம், மறுபடி ஒரு வடு. ஆறாவது ஆறாவது பல்லாகச் சக்கரம் முழுவதும், யாரோ அளந்து அடித்த மாதிரி.

முதலாளி சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தானா வந்த தேய்மானம்னா இப்படி எண்ணி எண்ணி வருமா தணிகா? மூணு பெட்டியிலயும் ஒரே மாதிரி. இது யாரோ வேணும்னே செஞ்சது. பல்லு வெட்டினதுக்கு அப்புறம் யார் கையில போகுது?"

வெட்டிய பல்லின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுக்க நாலு பெண்கள் இருந்தார்கள். பேக்கரி வேலையைத் தேய்த்தது ரோஸி. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்திலிருந்து வருவார். ஒன்பது வருட சர்வீஸ். அந்தப் பெட்டிகள் போவதற்குப் பத்து நாள் முன்னால் முதலாளிக்கும் அவருக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. பிசிறு எடுக்கிறவர்கள் நின்றுகொண்டேதான் தேய்க்க வேண்டும். ரோஸி ஸ்டூல் கேட்டார். முதலாளி உட்கார்ந்தால் வேலை தூங்கும் என்றார். "ஒரு நாளு நீங்க நின்னுகினு தேச்சிப் பாருங்க சார், எது தூங்குதுன்னு தெரியும்" என்று ரோஸி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

முதலாளி கேட்டதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆறாவது ஆறாவதாக வடு. பதினெட்டுக்கும் நாற்பத்தெட்டுக்கும் பொது வகுத்தி ஆறு. எனக்கு அந்த நிமிடமே புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. அடுத்தவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் நம் பக்கம் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது, அது ஒரு சௌகரியம். நான் சொன்னது இவ்வளவுதான்:

"ரோஸிதான் சார் தேச்சது."

போதும். டீ வருவதற்குள் பேச்சு எங்கள் கேட்டைத் தாண்டிப் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அது வேலை போவது மட்டும் இல்லை. வேண்டுமென்றே பல்லைக் கெடுத்தவள் என்று பேர் வந்துவிட்டால் திருமுடிவாக்கத்தில் எந்தக் கேட்டிலும் அவரை உள்ளே விட மாட்டார்கள். ரோஸி அழவில்லை. தன் அரத்தைத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் அடிச்சிருந்தா உருப்படியா எல்லாத்தையும் அடிச்சிருப்பேன் சார். ஆறுக்கு ஒண்ணுன்னு எண்ணி அடிக்க எனக்கு இன்னா வேண்டுதலா?"

ஞானமுத்து சார் சக்கரத்தைக் கையில் வாங்கினார், விளக்கிடம் கொண்டுபோய் வடுக்களை விரலால் தடவினார். "சார், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. இந்தம்மா செஞ்சிருந்தா நானே கேட் வரைக்கும் கொண்டுபோய் விடறேன்" என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "முதல்ல பல்லை எண்ணலாம். என் கண்ணு இன்னும் சரியாகல. தணிகா, நீ வலப்பக்கம். ரோஸிம்மா, நீ இடப்பக்கம்."

"எதுக்கு சார் எண்ணணும்? நாப்பத்தேழுதான்னு பலகையிலயே கீதே" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"அப்படியா?" என்றார் சார்.

கோடு போட்டார். ரோஸி எண்ணினார், சீட்டில் எழுதினார். நான் எண்ணினேன். எண்ண வேண்டிய தேவையே இல்லை, வெட்டியவன் நான். நாற்பத்தெட்டு என்று எழுதினால் ஏன் என்று கேட்பார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மனிதர். என் பென்சில் ஒரு நிமிடம் நின்றது. ஒன்று கூடினால் கோடு போட்ட பல்லை இரண்டு முறை எண்ணிவிட்டார் என்றுதானே நினைப்பார்கள்? அதுவும் குற்றம் சாட்டப்பட்டு நிற்கிற பெண், கை நடுங்கியிருக்கும் என்றுதானே தோன்றும்?

நாற்பத்தேழு என்று எழுதினேன்.

சார் இரண்டு சீட்டையும் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தார். "இது நாப்பத்தேழு. இது நாப்பத்தெட்டு."

முதலாளி ரோஸி பக்கம் திரும்பினார். "பல்லையே ஒழுங்கா எண்ணத் தெரியல."

ரோஸி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அளக்கிற பார்வை. "அண்ணா, நீங்க முப்பதுக்கு அப்புறம் வெரல நகர்த்தவே இல்லியே" என்றார்.

நான் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"வாதாட வேணாம்" என்றார் சார். "பக்கம் மாத்துங்க. தணிகா முதல்ல. சத்தமா."

பட்டறையில் மெஷின்களை நிறுத்திவிட்டார்கள். பத்து பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். கோட்டுக்கு அடுத்த பல்லிலிருந்து ஆரம்பித்தேன், கோட்டில் முடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு. ரோஸி என் விரலோடு விரலாகத் தன் விரலையும் ஒரு பல் பின்னால் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு என்று சொன்னபோது என் விரலுக்கு முன்னால், சாக்பீஸ் கோட்டோடு, இன்னும் ஒரு பல் இருந்தது.

நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். எங்கே நிறுத்துவது?

"நாப்பத்தெட்டு" என்றேன்.

"அப்படியா?" என்று அவர் கேட்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் அதைக் கேட்காமல் விட்டது அன்று ஒருநாள்தான். சாக்பீஸை என் கையில் கொடுத்து, பலகையைக் காட்டினார். பத்தொன்பதையும் நாற்பத்தேழையும் அழித்துவிட்டு எழுதினேன். பதினெட்டு, கீழே இரண்டு, மூன்று, மூன்று. நாற்பத்தெட்டு, கீழே நாலு இரண்டு, ஒரு மூன்று. இரண்டுக்கும் பொதுவாக ஒரு இரண்டு, ஒரு மூன்று. ஆறு.

சார் பெட்டியிலிருந்த சின்னச் சக்கரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாக அளந்தார். பதினாறு பல் சரியாக இருந்தன. ஒன்று மெலிந்திருந்தது, அதன் பக்கத்தில் ஒன்று தடித்திருந்தது. மற்ற இரண்டு பெட்டியின் சின்னச் சக்கரத்திலும் அதே போல. அதுவும் என் வேலைதான். கைப்பிடியை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். முதல் பல் வெட்டுவதற்கு முன்னால் அரைச் சுற்று சுற்றி, உள்ளே இருக்கிற தளர்ச்சியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முதல் பல்லில் குறைந்தது கடைசிப் பல்லில் போய்ச் சேர்ந்து அது தடித்துவிடும். ஊசியை நகர்த்த வேண்டாத சந்தோஷத்தில் அவசரமாக வெட்டியவன் அதையும் விட்டுவிட்டிருக்கிறேன்.

தடித்த பல்லில் நீல மை தடவி, பெரிய சக்கரத்தோடு சேர்த்து சார் கையால் சுற்றினார். எட்டு பல்லில் மை பட்டது. வடு இருந்த அதே எட்டு. எவ்வளவு சுற்றினாலும் ஒன்பதாவது பல்லில் ஒரு துளி ஒட்டவில்லை. "நாப்பத்தேழா இருந்தா இந்தக் குறைய எல்லா பல்லும் பங்கு போட்டுகினு இருக்கும். சத்தம் வந்திருக்கும், காயம் வந்திருக்காது" என்றார்.

ரோஸி குனிந்து பார்த்தார். "அளந்து அடிச்சது இதுதானா?"

"இதுதான்மா."

"அப்ப எம் பேரச் சொன்னது யாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். "நான்தான் ரோஸி. நம்பர மாத்துனதும் நான்தான், உன் பேரச் சொன்னதும் நான்தான். சீட்டுல நாப்பத்தேழுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ரோஸி அரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "சரிண்ணா. இனிமே நீங்க வெட்றது எதுவா இருந்தாலும் நான் எண்ணாம தேய்க்க மாட்டேன். கோச்சிக்காதீங்க" என்றார்.

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை. மூன்று பெட்டிக்கும் புதுத் தட்டு வாங்கி, பத்தொன்பதும் நாற்பத்தேழுமாக மறுபடி வெட்டினேன். சார் அலமாரிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை. முதலாளி மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நாலு ஸ்டூல் வந்து இறங்கியது. யார் கேட்டு வந்தது என்று யாரும் பேசவில்லை.

ரோஸி சொன்னபடி செய்தார். நான் வெட்டி வைத்த ஒவ்வொரு சக்கரத்தையும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கோடு போட்டு, எண்ணினார். நூற்றிருபது பல் ஆனாலும் எண்ணினார். எண்ணிக்கொண்டே, "வூட்ல அண்ணி சௌக்கியமா?" என்று விசாரிப்பார். என் பெண் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்து வேலை செய்தார். பந்தியில் இலை போட்டபோது நான் "நூறு இலை" என்றேன். ரோஸி ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தொம்போது அண்ணா" என்றார். தொண்ணூற்றொன்பதுதான்.

ஞானமுத்து சார் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய இரண்டு பென்சிலும் பலகையும் ரோஸி பொறுப்பில் வந்தன. இப்போது சோதனைப் பிரிவே அவர்தான். யார் வெட்டினாலும் எண்ணுவார்; ஸ்கிரீனில் எண்ணை அடிப்பதும் ஓர் ஆள்தானே.

இந்த ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். புது மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பூஜை முடிந்து அது வெட்டிய முதல் சக்கரத்தை விக்னேஷ் என் கையில் கொடுத்தான். "அண்ணா, அம்பத்து மூணு. நீங்களே எண்ணிச் சொல்லிடுங்க, அக்காவுக்குத் திருப்தியாயிடும்."

அவனுக்கு என்ன தெரியும். நான் கோடு போட்டு, வலப்பக்கமாக, ஒவ்வொரு பல்லிலும் விரலை வைத்து, வாய்விட்டு எண்ணினேன். ஐம்பத்து மூன்று. உடையாத எண். ரோஸி ஸ்டூலில் உட்கார்ந்து நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பூஜைக்குக் கட்டிய புதுப் புடவை. முடித்ததும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, என் கோட்டிலிருந்து இடப்பக்கமாக எண்ண ஆரம்பித்தார்.

"அக்கா, அண்ணாதான் எண்ணிட்டாரே" என்றான் விக்னேஷ்.

"நீ சும்மா இருடா" என்றேன் நான். "எண்ணட்டும்."